பொன்னிறம் போன மூடி: அமில புளோரைடு ஜெல்லும் வாயிலுள்ள டைட்டானியமும் – தருமபுரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி பென்னாகரம் வட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 56 வயதுப் பெண். புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மாத்திரையில் இருக்கிறார், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.4. வாய் வறட்சி உண்டு. பிறந்தது முதல் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்பதை முன்பற்களே சொல்கின்றன: பழுப்புக் கறை, அங்கங்கே சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகள், மேல் முன்பற்களின் விளிம்பில் சின்னச் சின்னக் குழிகள். இந்த வட்டாரத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் அன்றாடம் பார்க்கும் பற்கள்தாம்.

கீழ் வலது முதல் கடைவாய்ப்பல் இடத்தில் இரண்டு ஆண்டுக்கு முன் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து, அதன்மேல் கேப் (செயற்கைப் பல்) போட்டாயிற்று. கீழ் இடது முதல் கடைவாய்ப்பல் இடத்தில் பத்து வாரத்துக்கு முன் இம்ப்ளான்ட் வைக்கப்பட்டது. எலும்பு உறுதியாக இருந்ததால் ஒரே கட்ட முறை: இம்ப்ளான்ட் 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கில் இறங்கியது, அன்றைக்கே 4.5 மி.மீ. அகலமும் 4 மி.மீ. உயரமும் உள்ள ஹீலிங் கேப், அதாவது ஈறு ஆறும்வரை இம்ப்ளான்ட்டை மூடும் தற்காலிகத் திருகு மூடி, பொருத்தப்பட்டது. இம்ப்ளான்ட் நான்காம் தர சுத்த டைட்டானியம். மூடி, அலுமினியம் 6 சதவீதமும் வனேடியம் 4 சதவீதமும் கலந்த டைட்டானியம் உலோகக் கலவை. அளவை அடையாளம் காண்பதற்காகப் பொன்னிறம் ஏற்றியது.

அளவெடுக்க வந்த நாளில் அவர் சொன்னது இது: "டாக்டரம்மா, புதுசா வச்ச எடத்துல நாக்கு பட்டா சொரசொரன்னு இருக்குதுங்க. முன்ன வழவழன்னுதான் இருந்துச்சு. பல்லு வெளக்கறப்ப ரத்தமும் வருதுங்க."

பார்த்தது

மூடியின் மேல்புறம் சாம்பல் நிறமாக, மங்கிப்போய் இருந்தது. பொன்னிறம் அங்கே துளியும் இல்லை. சுற்றியுள்ள ஈறு சிவந்து, ஆய்வுக்கோல் பட்ட மாத்திரத்தில் ரத்தம் கசிந்தது. சீழ் இல்லை, அசைவு இல்லை. மூடியின் மேல் மஞ்சள் கலந்த வெள்ளைப் படிவு. பஞ்சால் துடைத்தால் மற்ற பற்களில் வருவதுபோல் எளிதில் வரவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு, இம்ப்ளான்ட் வைத்த அன்று எடுத்த படத்தில் இருந்த மட்டத்திலேயே இருந்தது.

மூடியைக் கழற்றி, சலைனில் அலசி, உலர்த்தி, லூப் என்ற உருப்பெருக்கியின் கீழ் பார்த்தபோதுதான் விஷயம் தெளிவானது. ஈறுக்குள் புதைந்திருந்த கீழ் 2.5 மி.மீ. பகுதி, பெட்டியிலிருந்து எடுத்த புது மூடியைப்போலவே பொன்னிறமாக மின்னியது. வாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்த மேல் 1.5 மி.மீ. முழுக்கச் சாம்பல். இரண்டுக்கும் நடுவில், கால் மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு வளையம். அதன் நிறம் நீலம். வளையத்தின் மேல் ஓரம் ஊதாவாகவும் பழுப்பாகவும் மாறிச் சாம்பலில் கரைந்தது. திருகுச்சாவி நுழையும் அறுகோணக் குழிக்குள் பார்த்தால், மூடியிலேயே மிகவும் கருத்து மங்கிய இடம் அதுதான்.

அந்த நீல வளையம்தான் இந்த நிகழ்வின் முக்கியமான சாட்சி. டைட்டானியத்தின் பொன்னிறம் சாயமோ தங்கப் பூச்சோ இல்லை. மின்சாரம் செலுத்தி மேற்பரப்பிலுள்ள ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக்குகிறார்கள். தண்ணீரின்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலம் வானவில் காட்டுவதுபோல், அந்தப் படலத்தின் தடிமனைப் பொறுத்து நிறம் தெரிகிறது. படலம் வளர வளர நிறம் வெண்கலப் பழுப்பு, ஊதா, நீலம், வெளிர்மஞ்சள், பொன், இளஞ்சிவப்பு என்று மாறும். தேயும்போது அதே வரிசை பின்னோக்கி வரும். அதாவது பொன்னுக்கும் சாம்பலுக்கும் நடுவே நீலம், ஊதா, பழுப்பு என்று அடுக்கடுக்காகத் தெரிந்தால், படலம் அந்த இடத்தில் படிப்படியாகக் கரைந்திருக்கிறது என்று பொருள். சுரண்டியிருந்தால் கீறல் இருக்கும். நிறம் கீறலின் ஓரத்தில் வெட்டினாற்போல் நிற்கும். கறை படிந்திருந்தால் பொன்னிறம் அடியில் இருக்கும், துடைத்தால் தெரியும்.

வலதுபுறக் கேப்பின் நாக்குப் பக்கத்தில் ஈறு ஒரு மில்லிமீட்டர் இறங்கி, ஆபட்மென்ட்டின் (இம்ப்ளான்ட்டையும் கேப்பையும் இணைக்கும் டைட்டானியத் துண்டு) கழுத்து தெரிந்தது. அது நிறமேற்றாதது, பளபளப்பாக மெருகிட்டது. அங்கேயும் தெரிந்த பகுதி மட்டும் பளபளப்பு இழந்திருந்தது. ஈறைக் காற்றூதி விலக்கிப் பார்த்தால் உள்ளே மினுமினுப்பு அப்படியே இருந்தது.

நடந்தது என்ன

இம்ப்ளான்ட் வைத்த மூன்றாவது வாரம், பல் கூச்சம் தாங்காமல் அவர் வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறார். கீழ்ப்பற்களில் ஈறு இறங்கி வேர் தெரிந்த இடங்களில் கூச்சம். மூன்று பற்களில் வேர்ச் சொத்தையும் தொடங்கியிருந்தது. அங்கே வாரம் ஒருமுறை, நான்கு வாரம், ட்ரேயில் புளோரைடு ஜெல் வைத்திருக்கிறார்கள். கையோடு கொண்டுவந்த சீட்டில் அமிலமூட்டிய பாஸ்பேட் புளோரைடு ஜெல், 1.23 சதவீதம், நான்கு நிமிடம் என்று எழுதியிருந்தது. இம்ப்ளான்ட் இருப்பதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை.

வேர்ச் சொத்தைக்கும் கூச்சத்துக்கும் புளோரைடு வைத்தது சரியான சிகிச்சைதான். தேர்ந்தெடுத்த ஜெல்லின் அமிலத்தன்மையில்தான் தவறு.

மற்றச் சாத்தியங்களையும் பார்த்தோம். எஃகுக் கருவியால் சுத்தம் செய்திருந்தால் கோடுகள் இருக்கும்; இல்லை. அல்ட்ராசோனிக் முனை பட்டால் குறுக்குத் தழும்புகள் இருக்கும், இல்லை. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு பழுப்புக் கறை விடும். மெருகுப் பசையில் போய்விடும், அடியில் பொன்னிறம் இருக்கும். மூடி ஏற்கெனவே ஒருவருக்குப் பயன்படுத்தி மறுபடி ஆட்டோகிளேவ் செய்ததாக இருந்தால் நிறம் மாறலாம், ஆனால் மூடி முழுவதும் மாறும். ஈறுக் கோட்டை அனுசரித்து மாறாது. பதிவேட்டில் ஒட்டிய வில்லையின்படி அது புது மூடி. நிறம் போன எல்லை, ஜெல் எட்டக்கூடிய எல்லையோடு அச்சாகப் பொருந்தியது.

அமிலம் இல்லாமல் புளோரைடு டைட்டானியத்தை என்ன செய்யும்? ஏறக்குறைய ஒன்றுமில்லை

டைட்டானியம் வாயில் நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன்மேல் தானாக உருவாகும் டைட்டானியம் டையாக்சைடு படலம். நிறமேற்றாத உலோகத்தில் அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். கீறினாலும் ஆக்சிஜன் கிடைத்தால் கண நேரத்தில் மூடிக்கொள்ளும். உப்பு, உமிழ்நீர், சாதாரணச் சாப்பாட்டுப் புளிப்பு எதற்கும் அது அசையாது. அதை உடைக்கக்கூடிய சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் முதன்மையானது. அந்த அமிலம் படலத்தின் டைட்டானியத்தோடு சேர்ந்து கரையக்கூடிய டைட்டானியம் புளோரைடு கூட்டுப்பொருளாகிவிடுகிறது. படலம் கரைந்து போகிறது.

புளோரைடு அயனி தனியாக இருந்தால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அது ஹைட்ரஜனோடு சேர வேண்டும். எவ்வளவு சேரும் என்பதைப் பிஹெச் (அமிலத்தன்மை அளவு: 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் கூடும்) முடிவு செய்கிறது. பிஹெச் 3.17-இல் இருக்கும் புளோரைடில் சரிபாதி ஹைட்ரோபுளோரிக் அமிலமாக இருக்கும். அதற்கு மேலே போகப் போக, பிஹெச் ஒன்று ஏறினால் அமிலப் பங்கு கிட்டத்தட்டப் பத்தில் ஒன்றாகக் குறையும். 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, கரைசலில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் சுமார் 30 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் முப்பது பங்கை)த் தாண்டினால் சுத்த டைட்டானியத்தின் படலம் உடைகிறது. இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, நம் அலமாரியில் உள்ள ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அமில பாஸ்பேட் ஜெல்லில் புளோரைடு 12,300 பிபிஎம். பிஹெச் 3 முதல் 3.5 வரை. 3.5 என்றே வைத்துக்கொண்டாலும் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 3,900 பிபிஎம், ஹைட்ரோபுளோரிக் அமிலமாக இருக்கும். எல்லையைவிட நூறு மடங்குக்கும் மேல். நடுநிலை சோடியம் புளோரைடு ஜெல், 2 சதவீதம்: புளோரைடு 9,000 பிபிஎம் அளவு, பிஹெச் 7, அமிலப் பங்கு ஒன்றரை பிபிஎம்கூட இல்லை. பல்லில் பூசும் ஐந்து சதவீத சோடியம் புளோரைடு வார்னிஷில் 22,600 பிபிஎம் புளோரைடு இருக்கிறது, அமில ஜெல்லைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் நடுநிலையில் இருப்பதால் அமிலக் கணக்கு மூன்றரை பிபிஎம் அளவில்தான் வரும். பல் விளக்கும் பேஸ்ட் 1,000 பிபிஎம், நடுநிலை என்றால் 0.15 பிபிஎம். சொத்தையைக் கறுப்பாக்கி நிறுத்தும் 38 சதவீத சில்வர் டயமின் புளோரைடில் 44,800 பிபிஎம் புளோரைடு. மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதிகம். ஆனால் அது காரத்தன்மை உள்ளது, பிஹெச் 10-ஐ ஒட்டி. அமிலத் தாக்குதல் அதில் எழாது. உலோகத்திலும் கேப் ஓரத்திலும் கறுப்புக் கறை விடுவதுதான் அதன் தொல்லை.

ஆகவே சீட்டில் புளோரைடு எத்தனை பிபிஎம் என்று பார்ப்பதைவிட, பிஹெச் எத்தனை என்று பார்ப்பதுதான் டைட்டானியத்துக்கு வேண்டிய கேள்வி.

அமில ஜெல் ஏன் இருக்கிறது என்றும் கேட்கலாம். அமிலம் எனாமலைச் சற்றே கரைத்து, புளோரைடை அதிகம் ஏற வைக்கும். 1960-களில் அந்த நோக்கத்தோடுதான் அது வந்தது. டைட்டானியமும் பீங்கானும் இல்லாத வாயில் அது இன்றைக்கும் நல்ல மருந்து.

நான்கு நிமிடம் நாற்பது நிமிடமாகும் விதம்

ட்ரேயில் நான்கு நிமிடம் என்பது கணக்கு. அதற்குப் பிறகு நாம் எல்லோரும் சொல்வது: "துப்பிடுங்க, அரை மணி நேரம் தண்ணி குடிக்காதீங்க, வாய் கொப்பளிக்காதீங்க." பல்லுக்கு நல்லது, டைட்டானியத்துக்கு இதுதான் வினை. ஹீலிங் கேப்பின் அறுகோணக் குழி இரண்டு மில்லிமீட்டர் அளவு ஆழமுள்ள ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் ஜெல் இறங்கிவிட்டால் துப்பினாலும் வெளியே வராது. உமிழ்நீர் நன்றாகச் சுரப்பவருக்குச் சீக்கிரம் கரையும். இந்த நோயாளிக்கு வாய் வறட்சி. அதோடு, குறுகிய குழிக்குள் ஆக்சிஜன் குறைவு. உடைந்த படலம் தன்னைச் சரிசெய்துகொள்ள ஆக்சிஜன் வேண்டும். குழியே அதிகம் கருத்திருந்ததற்குக் காரணம் இதுதான். ஈறு ஓரப் பள்ளத்திலும் இதே நிலைதான்.

குழி தேய்ந்தால் இன்னொரு நடைமுறைச் சிக்கல் வரும்: திருகுச்சாவி இறுக்கமாகப் பிடிக்காது, வழுக்கும். வழுக்கினால் வேகமாகத் திருப்பாமல், சாவியை நேராக அழுத்தி மெல்ல எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். இந்த மூடி தொந்தரவு இல்லாமல் வந்தது.

மேற்பரப்பு சொரசொரப்பானால் பாக்டீரியா ஒட்டிக்கொள்வது கூடும். சராசரிக் கரடு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டும்போது படிவு சேர்வது அதிகரிக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. ஆனாலும் இவருடைய ஈறு அழற்சிக்கு ஜெல்லை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. சர்க்கரை 7.4, வாய் வறட்சி, வலி பயத்தில் அந்தப் பக்கம் பிரஷ் படாமல் விட்டது எல்லாம் சேர்ந்ததுதான் அழற்சி. மங்கிய மூடி அதை வளர்த்துவிட்டது.

"எங்க ஊரு தண்ணியாலதானுங்களா?"

சாம்பல் நிற மூடியைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இம்ப்ளான்ட் வைக்க யோசிப்பவர்கள் பலரும் கேட்கும் கேள்வியும் இதுவே. பாறையிலிருந்து தண்ணீரில் இறங்கும் புளோரைடு பல்லைக் கெடுத்ததைக் கண்ணால் கண்ட மக்கள், இம்ப்ளான்ட்டையும் கெடுக்கும் என்று நினைப்பது இயல்பு. நேராகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

அவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு லிட்டருக்கு 2.8 மி.கி. இந்தியத் தர நிர்ணயத்தின்படி விரும்பத்தக்க எல்லை 1, மாற்று வழி இல்லாவிட்டால் 1.5. ஆக, குடிக்க ஆகாத தண்ணீர்தான். ஆனால் டைட்டானியத்துக்கு? பிஹெச் 7.5-இல் 2.8 பிபிஎம் புளோரைடில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் 0.00013 பிபிஎம். 30 என்ற எல்லைக்கு இரண்டு லட்சம் மடங்கு கீழே. பல்லின்மேல் படிவு புளித்துப் பிஹெச் 4-க்கு இறங்கினால்கூட அரை பிபிஎம்-ஐத் தொடாது. தண்ணீர் அவர் பல்லைக் கறையாக்கியது உண்மை. மூடியைத் தொடவில்லை என்பதும் உண்மை. பல்லில் கறை ஏறியது எனாமல் உருவாகும் குழந்தைப் பருவத்தில், உள்ளிருந்து. டைட்டானியத்துக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. இவர் ஊருக்கும் குழாய் வந்திருக்கிறது. தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர்தான். எலும்புக்காகவும் பேரப்பிள்ளைகளின் பல்லுக்காகவும் குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீரையே பயன்படுத்தச் சொன்னோம். இம்ப்ளான்ட்டுக்காக என்று சொல்லவில்லை.

புளியைப் பற்றியும் கேட்டுக்கொண்டோம். புளி உடைக்கும் பெண்கள் வேலை நடுவே ஒரு சுளையை வாயில் அடக்கிக்கொள்வது வழக்கம். புளியின் பிஹெச் 3-ஐ ஒட்டியது. புளி மட்டும் டைட்டானியத்தை ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே ஈறு இறங்கிய வேரைத்தான் கரைக்கும். ஆனால் புளி வாயில் இருக்கும்போதே 0.2 சதவீத சோடியம் புளோரைடு கொப்பளித்தால், 900 பிபிஎம் புளோரைடு அந்தப் புளிப்பில் கலந்து 30 என்ற எல்லையைத் தாண்டிவிடலாம். எனவே முறை: முதலில் வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துத் துப்பி, அரை மணி நேரம் விட்டு, பிறகுதான் புளோரைடு. புளித்த கூழ், மோர், எலுமிச்சைச் சாறு எல்லாவற்றுக்கும் இதே முறை.

செய்தது

மங்கிய மூடியை மெருகேற்றித் திரும்பப் பொருத்தவில்லை. ஹீலிங் கேப் தற்காலிகப் பொருள், விலை குறைவு, அதை மெருகேற்ற மெனக்கெடுவது வீண், ரப்பர் சக்கரத் துகள் ஈறுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. இம்ப்ளான்ட்டின் உள்ளிணைப்பைச் சலைனால் 20 மி.லி. பீய்ச்சிக் கழுவி, காற்று நேராக ஊதாமல் உலர்த்தி, லூப்பில் பார்த்தோம்: மூடியின் அடைப்பு நன்றாக இருந்ததால் உள்ளே பளபளப்பு குறையவில்லை. ஈறு வளையத்தைச் சலைனில் நனைத்த கட்டுத்துணியால் துடைத்தோம். புது மூடியைக் கையிறுக்கமாகப் பொருத்தி, குழியை ஆட்டோகிளேவ் செய்த டெஃப்லான் டேப்பால் அடைத்தோம். குழாய் வேலைக்கு வாங்கும் அதே வெள்ளை டேப்தான். மூன்று சென்டிமீட்டர் துண்டு போதும்.

வலதுபுற ஆபட்மென்ட்டைக் கழற்றவில்லை. இரண்டு ஆண்டாக உறுதியாக நிற்கும் திருகை, ஒரு மில்லிமீட்டர் மங்கலுக்காக அவிழ்ப்பதில் லாபத்தைவிட நஷ்டம் அதிகம். தெரிந்த பகுதியை மட்டும் மெல்லிய ரப்பர் கப், நுண்ணிய மெருகுப் பசை, குறைந்த வேகம், லேசான அழுத்தம் என்று பத்து விநாடி, இருமுறை மெருகேற்றினோம். இதற்கு எடுக்கும் பசை புளோரைடு கலக்காததாக இருந்தால் நல்லது. கலந்திருந்தாலும் நடுநிலையானதாக இருக்க வேண்டும்.

மூன்று வேர்ச் சொத்தைகளையும் கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைத்தோம். கூச்சம் உள்ள வேர்களுக்கு ஐந்து சதவீத வார்னிஷ்: பஞ்சுருளையால் ஒதுக்கி, உலர்த்தி, தூரிகையால் வேரின்மேல் மட்டும். இரண்டு தாடைக்கும் சேர்த்து அரை மி.லி.க்குக் குறைவாகவே செலவானது. புளோரைடை நிறுத்திவிடலாமா என்ற யோசனைக்கே இடம் தரவில்லை. இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது, பக்கத்துப் பல்லுக்கு வரும். இந்த வயதில், இந்த வறட்சியில், புளோரைடை நிறுத்தினால் அடுத்து இழப்பது அந்தப் பல்லாகத்தான் இருக்கும். கறைப்பல்லில் ஏற்கெனவே புளோரைடு நிறைய இருக்கிறது, சொத்தை வராது என்ற நம்பிக்கையும் தவறு. குழி விழுந்த எனாமலில் சொத்தை தாராளமாக வரும். ஈறு இறங்கித் தெரியும் வேருக்கோ எனாமல் மூடலே கிடையாது.

அமில ஜெல் மட்டுமே கையில் இருந்தால்

முகாம்களில் இது நடக்கும். அப்போது ட்ரே வைக்கக் கூடாது. வேண்டிய பற்களை மட்டும் பஞ்சுருளை வைத்துப் பிரித்து, தூரிகையால் தடவ வேண்டும். முன்னதாக டைட்டானியம் தெரியும் இடங்களில் உலர்ந்த நிலையில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிப்பாகப் பூசி, திருகுக் குழிகளை டேப்பால் அடைத்துவிட வேண்டும். முடிந்ததும் உறிஞ்சுகுழாயால் ஜெல்லை எடுத்து, டைட்டானியம் உள்ள பக்கத்தைத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். அந்தப் பக்கத்துக்கு அரை மணி நேர விதி வேண்டாம்.

பிஹெச் தெரியாத ஜெல்லைப் பிஹெச் காட்டும் காகிதப் பட்டையில் சோதிப்பது ஒரு நிமிட வேலை. சிட்டிகை அளவு ஜெல், ஒரு சொட்டு காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் கலக்கி, பட்டையை நனைத்து அரை நிமிடத்தில் நிறம் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. நம் ஊர்த் தண்ணீரின் காரத்தன்மை அமிலத்தை மறைத்துவிடும். உறையில் சோடியம் புளோரைடு என்று இருந்தாலே நடுநிலை என்று நம்பிவிடவும் கூடாது. அமிலம் சேர்த்த சோடியம் புளோரைடு கொப்பளிப்பு மருந்துகளும் இருக்கின்றன.

பயிற்சி மாணவர்களுக்குக் காட்ட, நிறமேற்றிய பழைய மூடி ஒன்றைப் பாதி மட்டும் மெழுகில் புதைத்து, மீதிப் பாதியை அமில ஜெல்லில் நான்கு நிமிடம் வைத்துக் கழுவி, அதையே திரும்பத் திரும்பச் செய்யலாம். முதல் தடவையில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தொடரத் தொடர நிறம் நகரும். அடுத்த மூடியை நடுநிலை ஜெல்லில் இதேபோல் வைத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விளக்கம் தேவையில்லை.

இதே கணக்கு உதவும் வேறு மூன்று இடங்கள்

வாயிலேயே உடைந்த பீங்கானை ஒட்டுவதற்கு 9 சதவீத அளவு ஹைட்ரோபுளோரிக் அமில ஜெல் வைக்கிறோம். கேப் உடைந்து அடியில் டைட்டானியம் தெரிந்தால் அந்த ஜெல் அதன்மேல் படவே கூடாது. நூற்றில் ஒன்பது பங்கு அமிலம், அதாவது 90,000 பிபிஎம். திருகால் நிற்கும் கேப் என்றால் கழற்றி மேசையில் வைத்து ஒட்டுவதே முறை. சிமெண்டால் ஒட்டியதென்றால் ரப்பர் டேமும் (பல்லைத் தனியாகப் பிரித்துக்காட்டும் ரப்பர் விரிப்பு) உலோகத்தின்மேல் காப்புப் பூச்சும் இல்லாமல் தொடக் கூடாது.

கறைப்பல் வெளுப்பாக்கும் நுண்தேய்ப்பு இங்கே அடிக்கடி கேட்கப்படும் சிகிச்சை. கல்யாணப் பேச்சு எடுத்ததும் வந்துவிடுவார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுரைக்கல் (பியூமிஸ்) தூளும் சேர்ந்த பசையால் தேய்த்துவிட்டு, முடிவில் புளோரைடு வைப்பது வழக்கம். அமிலம் முழுதாகக் கழுவப்படும் முன் புளோரைடு வந்தால், நாமே நாற்காலியில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் தயாரித்ததுபோல் ஆகும். ரப்பர் டேம், தாராளமான கழுவல், பிறகு நடுநிலை புளோரைடு. வாயில் டைட்டானியம் இருந்தால் இந்த வரிசையில் சுருக்கவழி கிடையாது.

பல் கம்பி போட்ட பிள்ளைகளுக்கு நிக்கல்-டைட்டானியம், பீட்டா டைட்டானியம் கம்பிகள். அமில புளோரைடில் அவை ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும், இழுவிசையும் குறையும். காரணம் தெரியாமல் கம்பி மறுபடி மறுபடி ஒடிந்தால், கொப்பளிக்கும் மருந்தின் பிஹெச்சைப் பார்க்க வேண்டும்.

பின்தொடர்தல்

பத்தாம் நாள் மூடியைச் சுற்றி ரத்தக் கசிவு ஒரு புள்ளியில் மட்டும். மூன்றாம் வாரம் ஈறு வெளிறி இறுகியிருந்தது. அளவெடுத்து, திருகால் நிற்கும் கேப் பொருத்தப்பட்டது. திருகுப் பாதை டேப்பாலும் காம்போசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருளாலும் அடைக்கப்பட்டது. ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் இரண்டு இம்ப்ளான்ட்டையும் சுற்றி ஆழம் 3 மி.மீ., ரத்தக் கசிவு இல்லை, எலும்பு அதே மட்டம். வலது ஆபட்மென்ட்டின் மெருகேற்றிய பகுதி பளபளப்பாகவே இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ் தொடர்கிறது. புதிதாக வேர்ச் சொத்தை இல்லை.

அவருடைய சிகிச்சை அட்டையின் பின்பக்கம், சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தது: "கீழ்த்தாடை இரண்டு பக்கமும் டைட்டானியம் இம்ப்ளான்ட் உள்ளது. புளோரைடு தேவை. நடுநிலை ஜெல் அல்லது வார்னிஷ் மட்டும். அமில ஜெல் வைக்க வேண்டாம். எஃகுக் கருவியால் சுரண்ட வேண்டாம்." அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார், எந்த முகாமுக்குப் போனாலும் முதலில் அதை நீட்டச் சொல்லியிருக்கிறோம்.